தலகாணி பிடுங்கி

எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். என் தங்கச்சியைப் பார்க்க. எங்கள் ஊர் மானாமதுரைப் பக்கம். பெரியப்பா, சித்தி, மாமன் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு ஒருத்தி. கையில் ஆப்பிள், கோயில் திருநீறு. வேனிலிருந்து இறங்கும்போதே அழுகை.

தீக்காய வார்டு வாசலில் ஒருத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. தரையில் விழுந்த எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்திருந்தாள்.

"தள்ளும்மா, எம்மகளப் பாக்கணும்" என்றார் பெரியப்பா.

அவள் முக்காட்டை எடுத்தாள். எழுந்து நின்று, இடுப்பிலிருந்து உடம்பைப் பின்னால் வளைத்து, தன் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

அவளுக்கு மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கழுத்து என்று ஒன்று இல்லை. கீழ் உதடு இழுபட்டு மடங்கி, பல்லும் ஈறும் வெளியே தெரியும். எச்சில் நிற்காது. அதற்கென்று கையில் ஒரு துணி வைத்திருப்பாள்.

குழந்தை வீறிட்டது. சித்தி ரெண்டு படி இறங்கிவிட்டாள்.

"உள்ள இருக்கறவங்க எல்லாம் இப்படித்தான் இருப்பாங்க. வந்து பாக்கறீங்களா?" என்றாள் அவள்.

ஒருவரும் வரவில்லை. ஆப்பிளை என் கையில் கொடுத்தார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார்கள். வேனில் ஏறிப் போனார்கள்.

எனக்குக் கோபம். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்காதவர்களோடு பிறகு பேச்சுவார்த்தை இருக்காது. அவ்வளவு தூரம் வந்த சனத்தை வாசலோடு அனுப்பினால் அது அதைவிட மோசம்.

"எங்க ஆளுக கிட்ட ஏன் அப்படிப் பேசுனீக?" என்று கேட்டேன்.

அவள் மறுபடி முக்காட்டைப் போட்டுக்கொண்டாள். "வேன் நெறய ஆளு வந்தா வேன் நெறய கிருமி வரும். உன் தங்கச்சி தோலில்லாம கெடக்கறா. எல்லாரும் தொட்டுத் தொட்டு அழுவாங்க. அவங்க ஊரு போயி சேர்றதுக்குள்ள இவளுக்குக் காய்ச்சல் ஏறும். கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும் போ."

"மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிப் பாத்துட்டேன்மா எத்தனையோ பேருகிட்ட. சொன்னா உள்ள வருவாங்க. மூஞ்சியக் காட்டுனா வரமாட்டாங்க."

அவள் பெயர் வேண்டாம். வார்டிலும் யாரும் பெயர் சொல்லவில்லை. நேரில் அக்கா என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் தலகாணி பிடுங்கி என்பார்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாலுவழிச் சாலை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஓசூர் தொழிற்பேட்டையில் நான் ஒரு வயரிங் கம்பெனியில் இருந்தேன். ஒயர் நுனியில் கிளிப் மாட்டும் வேலை. நான் படித்தது அஞ்சாவது. அந்த வேலைக்கு அது போதும். தங்கச்சியை எங்கள் ஊர்ப் பையனுக்கே கட்டிக்கொடுத்தோம். அவரும் இங்கே வேலைக்கு வந்தார். ஒரே லைன் வீட்டில் நாங்கள் ஒரு கோடி, அவர்கள் மறுகோடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி தன்னையே கொளுத்திக்கொண்டாள்.

ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். போலீசும் கேட்டது. ஒன்றைச் சொன்னால் அது பொய்யாகிவிடும். வீட்டில் சண்டை இருந்தது. பிள்ளை தங்கவில்லை. அவள் பார்த்த வேலையும் போனது. தூங்காமல் கிடந்தாள், யாரிடமும் பேசவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் அவ்வளவு பெரிசில்லை. எல்லாம் சேர்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா தன் டிரம்மில் இருந்த தண்ணீரை அவள்மேல் ஊற்றினாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வாரம் ஒருதரம்தான் வரும். சுற்றி நின்றவர்கள், ஊத்தாதே, கொப்பளம் போட்டுவிடும், சாக்கைப் போட்டுச் சுற்று என்று கத்தினார்கள். அந்தம்மா கேட்கவில்லை. டிரம் காலியாகும்வரை ஊற்றினாள். கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு போனோம்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில், மெயின்ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு தர்ம ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பாதி உடம்புக்குக் கொஞ்சம் கம்மி. நெஞ்சு, கழுத்து, ரெண்டு கையும் ஆழமா வெந்திருக்கு. ஆனா வயசு சின்னது. புகை உள்ளே போகல. ஒடனே தண்ணி ஊத்தியிருக்கீங்க. இதெல்லாம் நல்லது. இனிமே காயத்துல கிருமி ஏறக்கூடாது. அவங்க நெறய சாப்பிடணும். பிழைக்கணும்னு அவங்களுக்கே இருக்கணும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

பிழைக்கணும் என்று அவளுக்கே தோன்ற என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா ஊரிலிருந்து ஒரு தலையணை கொண்டுவந்தது. இலவம்பஞ்சு. தன் கையாலேயே அடைத்து, பழைய பட்டுச் சேலையைக் கிழித்து உறை தைத்திருந்தது. தங்கச்சி கல்யாணச் சேலை அது. தலையைத் தூக்கி மெதுவாக வைத்தது. தங்கச்சி அதுவரை முனகிக்கொண்டே இருந்தவள், "அப்பாடி" என்றாள். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதது.

அக்கா தன் கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள்.  தலையணையை உருவினாள். தங்கச்சியின் தலை பின்னால் சாய்ந்தது. அலறினாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டது. "யாருடி நீ? ஆஸ்பத்திரிக்காரியா?"

"இல்ல. நானும் பேஷண்ட்தான்."

"அப்பொறம் எம்புள்ள தலவாணிய எடுக்க நீ யாருடி? கொள்ளையில போவ. உன் மூஞ்சி மாதிரியே எம்புள்ள மூஞ்சியும் ஆகணும்னு நெனைக்கிறியா?"

எனக்கே திக்கென்றது. அக்கா கோபப்படவில்லை.

"நீ தாம்மா அப்படி ஆக்கறே. என்ன நல்லாப் பாரு. கழுத்து வெந்தவளுக்குத் தலகாணி வெச்சா மோவாய் கீழ வரும். சொகமாத்தான் இருக்கும். அப்படியே ஆறுனா ஒட்டிக்கும்." வாயைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு அம்மா இருந்தா. உன்னாட்டம் நல்லவ. ரெண்டு தலகாணி வெச்சா."

அம்மா கையை விட்டுவிட்டது.

நர்ஸம்மா வந்து அதையேதான் சொன்னார். தோளுக்கடியில் மடித்த போர்வை, தலை பின்னால் தொங்கணும். முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார்களாம். யாருக்கு அப்போது காதில் ஏறியது? ஒவ்வொரு வீட்டிலும் இதே தவறு நடக்கும். வலியில் துடிக்கிற பிள்ளைக்குப் பெற்றவள் தலைக்கு ஏதாவது வைப்பாள். துண்டை மடித்து வைப்பாள், பையைச் சுருட்டி வைப்பாள், தன் தொடையையே கொடுப்பாள். அக்கா ஒவ்வொரு கட்டிலாகப் போய் உருவுவாள். உருவியதைத் திருப்பித் தரமாட்டாள். அவள் கட்டிலுக்கடியில் ஒரு தலையணைக் கடையே இருந்தது.

வார்டில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது. அவளுக்கு அது வேண்டியதுமில்லை. "நல்லவன்னு பேரு வாங்கி இன்னா பண்றது? ரேஷன் கடையில ரெண்டு கிலோ சேத்துப் போடுவாங்களா?" என்பாள்.

அவள் வீடு பாகலூர்ப் பக்கம். தெலுங்கு பேசுகிற குடும்பம். ரோஸ் தோட்டம் இருந்ததாம். தினம் ஒரு ரோஸ் வேண்டும் அவளுக்கு. பால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். நீளமான முடி. எண்ணெய் வைத்து, சீவி, பின்னி, காதோரம் ரோஸை வைத்துக்கொள்வாள். வார்டில் கண்ணாடி வைக்க விடமாட்டார்கள். அவள் கண்ணாடி இல்லாமலே வகிடு நேராக எடுப்பாள். முதுகுப்பக்கமிருந்து பார்த்தால் கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் மாதிரி இருக்கும்.

எங்கள் வார்டில் ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர்களும் உண்டு, தெலுங்குக்காரர்களும் உண்டு. அக்கா ஒவ்வொரு கட்டில் முன்னாலும் நின்று, "தின்னியா? தின்னாவா? ஊட்டா ஆய்த்தா?" என்று மூணு பாஷையிலும் கேட்பாள். இல்லை என்றால் திட்டு. திட்டு மட்டும் தெலுங்கில்தான்.

தங்கச்சி சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். முட்டையும் பாலும் வரும். அப்படியே திரும்பிப் போகும். அம்மா கெஞ்சும். "எஞ்சாமில்ல, ஒரு வாயி." நான் கெஞ்சவில்லை, எனக்கு வராது. தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மாப்பிள்ளை வார்டு வாசல்வரை வருவார், கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார்.

ஒரு நாள் அக்கா வந்து தங்கச்சி கட்டிலில் உட்கார்ந்தாள். தட்டில் இருந்த முட்டையை எடுத்து உரித்தாள். உப்பில் தொட்டுத் தின்றாள். உதடு சேராதவள் தின்பது பார்க்க நன்றாக இருக்காது. சத்தமும் வரும். ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அம்மா, "அதெல்லாம் புள்ளைக்கு வந்ததும்மா" என்றது.

"அவதான் வேணாங்கறாளே. சாவப்போறவளுக்கு எதுக்கு முட்டை? இருக்கறவ திங்கறேன்."

நான் எழுந்துவிட்டேன். அவளைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அதற்குள் சுவர்ப்பக்கமிருந்து சத்தம் வந்தது.

"அது என் முட்டை."

தங்கச்சி. அந்த வாரம் முழுக்க அவள் பேசிய முதல் பேச்சு.

அக்கா மென்றுகொண்டே, "உன்னுதுன்னா திரும்பு. வாயத் தெற" என்றாள்.

தங்கச்சி திரும்பினாள். மீதிப் பாதி முட்டையை அக்கா அவள் வாயில் வைத்தாள். அதற்குப் பிறகு அது தினப்படி சண்டையானது. இவள் தட்டுக்கு அவள் கை நீட்டுவாள். தங்கச்சி கட்டுப் போட்ட கையால் தட்டை இழுப்பாள். "பிசாசு", "ராட்சசி" என்று ஏசிக்கொள்வார்கள். முட்டை உள்ளே போகும்.

வெந்து வார்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஸ்டவ் வெடித்தது, சேலை பட்டுவிட்டது என்பார்கள். அக்கா சொல்லமாட்டாள். "நானேதான்" என்பாள். பல்பு கம்பெனியில் வேலை செய்தவளாம். கல்யாணம் ஆகி இருந்ததாம். "புருசன் இப்ப வேற எடத்துல இருக்கான். நல்லா இருக்கான்னு கேள்வி." அதற்குமேல் அவனைப் பற்றிப் பேச்சில்லை. அவளை ஊருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று சீக்கிரமே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். உள் அறையில் வைத்து அவள் அம்மா பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா ரொம்ப நல்லவம்மா. ஒரு நாளு கூட வலின்னு சொல்ல வுடல. கைய மடக்கிக்கிட்டா சொகமா இருக்கா, மடக்கிக்கோ. தலகாணி வேணுமா, இந்தா. பூ மாதிரி பாத்துக்கிட்டா. ஆறி எந்திரிச்சா இப்படி இருக்கேன்." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அந்த அம்மா பிறகு செத்துவிட்டாள். கழுத்தைப் பிரித்து வைக்கும் ஆபரேஷனுக்காகத்தான் அக்கா இங்கே வந்து கிடந்தாள். எவ்வளவு காலமாக என்று அவளுக்கே கணக்கில்லை.

தோல் ஆபரேஷன் செய்கிற டாக்டர் பெங்களூரிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருவார். பெரிய ஆபரேஷன் என்றால் அன்றைக்கு ஒன்றுதான் முடியும்.

தங்கச்சிக்கு நெஞ்சுக்காயத்தில் சீழ் வைத்தது. யாரையும் உள்ளே விடாமல் காத்தும் வைத்தது. காய்ச்சல் இறங்கவில்லை. நர்ஸம்மா கட்டுப் பிரிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த வாரம் டாக்டர் வருவதற்கு முந்தின சாயங்காலம் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

"செத்த தோலை எடுத்துட்டு, தொடையிலேருந்து தோல் எடுத்து மூடணும். சீக்கிரம் மூடினாத்தான் பிழைப்பா. நாளைக்கு அவங்க பேரு இருக்கு." அக்கா கட்டிலைக் காட்டினார். "அவங்களையும் ரொம்ப நாளா தள்ளிப் போட்டாச்சு. இனியும் எப்படி முடியாதுங்கறது? உன் தங்கச்சியையும் பட்டினி போட்டு வைக்கறேன். நேரம் கெடைச்சாப் பாக்கலாம்."

"கெடைக்கலைன்னா?"

"அடுத்த வாரம்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

அவர் கட்டுத் துணித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து முடியைப் பின்னிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கவேண்டும்.

காலையில் அம்மாவுக்கு இட்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வராந்தா பெஞ்சில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். சாம்பார் மோவாயில் வழிந்தது. மயக்க மருந்து கொடுக்கப்போனால் வயிறு காலியாக இருக்கவேண்டும். அது வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

நர்ஸம்மா பார்த்துவிட்டார். பொட்டலத்தைப் பிடுங்கினார். "அறிவிருக்கா உனக்கு? ஆபரேஷன் இன்னைக்கு. ஒரு வேளை வாயக் கட்ட முடியாதா?"

"பசிச்சுது" என்றாள் அக்கா.

"பசிச்சுதாம். மாடு மாதிரி தின்னுட்டு நிக்கறா பாரு."

டாக்டர் வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டார். தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் தாண்டி வெளியே கொண்டுவந்தார்கள். ரெண்டு நாள் கழித்துக் காய்ச்சல் இறங்கியது. கட்டுப் பிரித்தபோது தோல் பிடித்திருந்தது. நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அக்காவிடம் போனேன். எனக்குப் பேசத் தெரியாது. 

"எங்களுக்காகத்தான தின்னீக?"

"ஏம்மா, பசிச்சாத் திங்கக்கூடாதா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் எங்களுக்குத் தெய்வம் என்றது அம்மா. ஊரில் அவள் பெயருக்கு விளக்குப் போடப்போவதாகச் சொன்னது. வார்டு ஆயாவிடம் நான் இதைச் சொன்னேன். ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவ எப்பவும் இப்படித்தாங்க. போன தடவையும் தின்னா. அன்னிக்குச் சின்னப் பொண்ணு ஒண்ணு சீரியசா இருந்துச்சு, அதைக் கொண்டுபோனாங்க. அதுக்கு முந்தி ஒரு தடவையும் தின்னா. அன்னிக்கு வேற ஆளே இல்ல. டாக்டரு சும்மா திரும்பிப் போனாரு."

அதை நான் கொஞ்ச நாள் யோசித்தேன். யாரும் காத்திருக்காத அன்றும் தின்றிருக்கிறாள்.

தங்கச்சியிடம் சொன்னேன். அப்போது அவள் எழுந்து சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.  மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அக்கா கட்டிலுக்குப் போனாள். முதல் தடவையாக அவளே நடந்து போனாள். நான் பின்னாலேயே போனேன், விழுந்துவிடுவாளோ என்று.

முட்டையை அக்காவிடம் நீட்டினாள். "இந்தாங்க, இன்னைக்கு நானே தாரேன்."

அக்கா அவளைக் கீழ்க்கண்ணால் பார்த்தாள். "இன்னாடி அதிசயம்?"

"ஆபரேசன்னா பயமாக்கா?"

அக்கா முட்டையை வாங்கவில்லை. துணியால் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கழுத்து மடங்கி இருக்குதில்ல. மூச்சுக் கொழா உள்ள எறங்காதாம். மயக்கம் குடுக்கற டாக்டரு பெரிய டாக்டருகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாரு. எனக்குப் புரியாதுன்னு கன்னடத்துல சொன்னாரு." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "மயக்கத்துலயே போயிட்டா?"

தங்கச்சி நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னிக்குக் கோவம்டி. கோவத்துல பயம் தெரியல. நெருப்பு புடிச்ச ஒடனே தெரிஞ்சுது. அய்யோ வேணாம்னுதான் கத்துனேன். அன்னிக்கு வந்த பயம், இன்னும் போவல. நான் சாவக்கூடாதும்மா. இந்த மூஞ்சியோட ஆனாலும் பரவால்ல. காலையில எந்திரிச்சு, பூ வெச்சிக்கிட்டு, உங்கள எல்லாம் திட்டிக்கிட்டு இருந்தாப் போதும்."

வார்டில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தங்கச்சி மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். "நானும் வேணாம்னுதான் கத்துனேன்க்கா" என்றாள்.

எங்களில் யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. போலீசிடமும் சொல்லவில்லை.  ரெண்டு பேரும் முட்டையை ஆளுக்குப் பாதியாகப் பிட்டுத் தின்றார்கள்.

மயக்கம் கொடுக்கிற டாக்டரிடம் நர்ஸம்மாவே பேசினார். அவர் வந்து அக்கா கட்டிலில் உட்கார்ந்து, இந்தத் தடவை கன்னடமில்லாமல் விளக்கினார். முதலில் முழு மயக்கம் கொடுக்கமாட்டார்கள். கழுத்தை மரத்துப்போகச் செய்து, கொஞ்சம் பிரித்து, மோவாய் மேலே வந்தபிறகுதான் குழாய். "பயம் எனக்கும் உண்டும்மா. அதனாலதான் பாத்துப் பாத்துச் செய்வோம்" என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்குத் தலையாட்ட உடம்பு முழுக்க ஆடவேண்டும்.

அவள் முறை வந்த அன்று காலை தங்கச்சி ஸ்டூலைத் தூக்கச் சொல்லி அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு டீ மட்டும்" என்றாள் அக்கா.

"ம்ஹூம்."

"அரை கிளாஸ்டி. வயிறு எரியுது."

"எரியட்டும்."

"பிஸ்கட்டு ஒண்ணு வாயில போட்டுக்கிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"ராட்சசி. உன்ன அன்னிக்கே வுட்டிருக்கணும்."

"விடலைல்ல. இப்ப அனுபவிங்க."

அம்மாவுக்கு அன்று டிபன் இல்லை. எனக்கும் இல்லை. வார்டுக்குள் எந்தப் பொட்டலமும் வராமல் ஆயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டாள். அக்கா எல்லாரையும் தெலுங்கில் திட்டினாள். பால்காரர் கொடுத்த ரோஸைத் தலையில் வைக்கக் கூடாது என்றார்கள். அதற்கும் திட்டினாள்.

தள்ளுவண்டி வந்தது. அவளை ஏற்றினார்கள். திடீரென்று தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அங்கே புதுத்தோல். வலித்திருக்கும். தங்கச்சி இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் வரலைன்னா..." என்றாள் அக்கா.

"வரணும்" என்றாள் தங்கச்சி.

கதவைச் சாத்தினார்கள். தங்கச்சி கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். காயம் ஆறாதவள் தரையில் உட்காரக் கூடாது. நர்ஸம்மா பார்த்துவிட்டு ஒரு விரிப்பு கொண்டுவந்து போட்டார். கட்டிலுக்குப் போ என்று சொல்லவில்லை. அம்மா எங்கள் குலசாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருத்திக்காக அம்மா அப்படி வேண்டி நான் பார்த்ததில்லை.

வெயில் தாழ்ந்தபிறகு கதவு திறந்தது. மயக்கம் கொடுக்கிற டாக்டர் முதலில் வந்தார். முகமூடியைக் கீழே இறக்கினார். சட்டை முதுகெல்லாம் வியர்வை. தரையில் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்தார். "மூச்சு நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அக்காவை வார்டில் போட்டார்கள். தோளுக்கடியில் மடித்த போர்வை. தலை பின்னால் சாய்ந்திருந்தது. கழுத்துப் பூரா கட்டு. கழுத்து என்று ஒன்று இருந்தது. ரெண்டு உதடும் சேர்ந்து மூடியிருந்தன. வேறு யாரோ மாதிரி இருந்தாள். என்னைவிடச் சின்னவள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் கண்ணை நன்றாகத் திறந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. நேரே மேலே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தரையையும் தன் மடியையும் பார்த்தவள்.

"வலிக்குதாக்கா?" என்று கேட்டாள் தங்கச்சி.

அக்கா உதட்டை அசைத்தாள். குரல் கம்மியிருந்தது. குனிந்து கேட்டோம்.

"இன்னாத்துக்கு இவ்ளோ ஒட்டடை?"

எங்களுக்குப் புரியவில்லை.

"மேல பாருடி. இது கீழயா இத்தன நாளு படுத்துக் கெடந்தோம்? ஒருத்தரு கண்ணுலயும் படலியா?"

தங்கச்சி அண்ணாந்தாள். கழுத்தில் புதுத்தோல் இழுத்தது. முகத்தைச் சுளித்தாள். நிறுத்தினாள். இன்னும் கொஞ்சம் அண்ணாந்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "நெறய இருக்கு."